தாஜுதீன் பாய் பொருத்திய கிளட்ச்

பாலக்கரையில் தாஜுதீன் பாயைப் பற்றி விசாரித்தால் இப்போதும் ஒரே வரிதான் சொல்வார்கள். "கண்ணு சரியாத் தெரியாம கிளட்ச் மாட்டி, ஒரு பொண்ணு கைய ஒடைச்சுட்டாரே, அவரா?" அந்தப் பெண் என் மகள் அனுபமா. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் முழு உண்மையும் இல்லை. மீதி தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான் இருக்கிறோம். அதில் எழுதும் பழக்கம் உள்ளவன் நான் ஒருவன்.

என் பெயர் சந்திரசேகர். பொன்மலை ரயில்வே பணிமனையில், ரயில் சக்கரங்களை அளந்து சரிபார்க்கும் பிரிவில் முப்பது வருஷமாக வேலை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் "கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். அதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை.

தாஜுதீன் பாய் பாலக்கரையிலேயே பிறந்தவர். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. லாரி ஷெட்டில் கிளட்ச் பிளேட் மாற்றும் வேலையில் சேர்ந்தார். இருபது வயதில் ஒரு பைக் ரேஸ்காரரோடு சென்னைக்குப் போய், எட்டு வருஷம் அவருக்கு மெக்கானிக்காக ஊர் ஊராகச் சுற்றினார். அப்பா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்து, ரவுண்டானாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டார். முன்பாதியில் ஸ்கூட்டரும் பைக்கும். பின்பாதியில் கோ-கார்ட்.

தரையை ஒட்டிப் பறக்கிற, மேலே கூரையில்லாத அந்தக் குட்டி ரேஸ் வண்டி திருச்சியில் ஐந்தாறு பேரிடம் இருந்தால் அதிகம். ஆனால் மதுரையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எஞ்சினைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் போட்டு அவருக்கு அனுப்புவார்கள். முக்கியமாகக் கிளட்சுக்காக. "கிளட்ச்னா பாலக்கரை பாய்" என்று கோவை ட்ராக்கில் பேச்சு உண்டு.

கடையில் அவரைத் தவிர சரவணன் ஒருவர்தான். முசிறிக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். கடை ஆரம்பித்த இரண்டாம் வருஷம் வேலை கேட்டு வந்தவர், இருபத்திரண்டு வருஷம் இருந்தார். பாய் பேசுவார், சரவணன் தலையாட்டுவார். பாயின் மனைவி இர்பானா மதியம் கொடுத்தனுப்பும் சாப்பாட்டில் சரவணனுக்கும் ஒரு டப்பா இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் பாய் தொழுதுவிட்டுத் திரும்புகிற வரைக்கும் சரவணன் அதைத் திறக்க மாட்டார். பாய் தம்பதிக்குக் குழந்தை இல்லை.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். அனுபமாவின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு, வாடகைக்கு கார்ட் ஓட்டத் தரும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு இறங்கியவள், "அப்பா, இன்னொரு தடவை" என்றாள். அந்த இன்னொரு தடவை ஏழு வருஷம் நீண்டது. பழைய ரேஸ் கார்ட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைப் பாய் கடையில் நிறுத்திவைத்தோம். பள்ளி விட்டதும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போய்விடுவாள். பாய் அவளைப் "பாப்பா" என்பார். வேலை செய்யும்போது பக்கத்தில் யார் நின்றாலும் அவருக்குப் பிடிக்காது. அவள் நின்றால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்தக் கிளட்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காரில் இருப்பதுபோல் காலால் மிதிக்கிற கிளட்ச் இல்லை அது. எஞ்சினின் சுழலும் தண்டின் நுனியில் இருக்கும். எஞ்சின் வேகம் ஏற ஏற, உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து, தங்களைச் சுற்றியிருக்கும் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். கிண்ணம் சுற்றும். அதோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரம் செயினை இழுக்கும். செயின் பின் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும், வண்டி பாயும். இவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னச் சக்கரமும் பெரிய சக்கரமும் இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் செயின் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து ஏதாவது ஒரு நேரத்தில் கழன்றுவிடும்.

பாய் கிளட்ச் பொருத்துவதைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. தண்டின் நுனியை பெட்ரோல் துணியால் துடைத்து, காயும்வரை காத்திருப்பார். பேரிங்கில் விரல் நுனியால் ஒரு பொட்டு கிரீஸ். அதற்கு மேல் கிடையாது. கட்டையில் எண்ணெய் பட்டால் வழுக்கும், வழுக்கினால் கருகும் என்பார். கிண்ணத்தை ஏற்றிவிட்டு ஒரு விரலால் சுண்டுவார். அது தடையில்லாமல் சுற்றி நிற்கும். நட்டை அளவு ஸ்பேனரால் 'டக்'கென்று சத்தம் வரும்வரை இறுக்குவார். கடைசியில், இரண்டடி ஸ்டீல் ஸ்கேலைப் பெரிய சக்கரத்தின் முகத்தில் படுக்கவைத்து முன்னால் நீட்டி, குனிந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் அதன் ஓரத்தைப் பார்ப்பார். தேவையான அளவுக்குப் பெரிய சக்கரத்தை அச்சின்மேல் நகர்த்துவார். பிறகு அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை இறுக்கி, மேலே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் அசைந்தால் கோடு உடைந்துவிடும். யாரும் தொடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை கோவையில் ரேஸ். முந்தின நாள்தான் பாய் புது கிளட்ச் பொருத்தி முடித்திருந்தார். நான் அரை நாள் லீவு போட்டு வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். டீ வந்தது. பாய் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து, அந்த மஞ்சள் கோட்டின்மேல் விரலை வைத்தார். விரலை எடுத்தபோது நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"சரவணா."

"என்ன பாய்?"

"நேத்து சாயங்காலம் வச்ச பெயின்ட். இன்னுமா காயல?"

ஸ்கூட்டர் ஒன்றின் அடியில் உட்கார்ந்திருந்த சரவணன் எழுந்து வந்தார்.

"யாரு கழட்டுனது?"

"நான்தான் பாய். சும்மா ஒரு தடவை பாத்தேன்."

"நான் வச்சதுல நீ என்னத்தப் பாத்த?" பாயின் குரல் உயர்ந்தது. "இது மொத தடவையா?"

சரவணன் தரையைப் பார்த்தார்.

"எத்தன நாளா நடக்குது? நான் கடையை விட்டுப் போனதும் என் வேலையத் திருட்டுத்தனமா அவுத்துப் பாக்குறியா? பெயின்ட் வேற அடிச்சு மூடிட்ற. இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட கடைடா இது."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அவர் செட் பண்ணினதை நீங்க எதுக்குத் தொடறீங்க சரவணன்? என் பொண்ணு ஓட்டற வண்டி இது" என்றேன்.

சரவணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பாயின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நாளைலேந்து வராத" என்றார் பாய்.

சரவணன் மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, துணியில் துடைத்து, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டார். "போயிட்டு வரேன் பாய்" என்றார். பாய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவர் போனதும் பாய் அந்த போல்ட்டைத் தளர்த்தி, ஸ்கேலை எடுத்து வைத்து, ஒரு கண்ணால் பார்த்தார். புருவம் சுருங்கியது. "இந்த ஸ்கேலும் வளைஞ்சுருக்கு சார். இப்ப வர்ற எதுவும் உருப்படியா இல்ல" என்று தரையில் எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் பெரிய சக்கரத்தை உள்பக்கமாகக் கொஞ்சம் தட்டி நகர்த்தினார். "பாத்தீங்களா, எவ்ளோ தள்ளி வச்சுருக்கான்!" என்றார். நான் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். எறிந்த ஸ்கேல் என் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

கோவையில் சனிக்கிழமை பயிற்சி ஓட்டம் முடிந்து வந்த அனு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "செயின் ஏதோ சத்தம் போடுது பாய்" என்றாள். பாய் செயினில் ஸ்ப்ரே அடித்தார், கையால் சுற்றிப் பார்த்தார், ஸ்கேலை வைத்து இன்னொரு முறை கண்ணால் பார்த்தார். "புது செயின் பாப்பா. பழகிடும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "பாய் பாத்துட்டார்ல? நீ ஓட்டறதைக் கவனி" என்றேன்.

ஞாயிறு மதியம், ஒன்பதாவது சுற்றில், வேகமான வலது திருப்பத்தில் அவளுடைய வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. வண்டி சுழன்று குறுக்கே நின்றது. பின்னால் வந்த வண்டி ஒதுங்க இடமில்லாமல் நேராக அவள்மேல் மோதியது. இடது முழங்கையும் மணிக்கட்டும் நொறுங்கிப்போயின. கோவையிலேயே அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். கை பிழைத்தது. ஆனால் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை.

ட்ராக்கில் இரண்டு கருப்புக் கோடுகள் விழுந்திருந்தன. கோ-கார்ட்டில் பிரேக் பின் அச்சில்தான் இருக்கும். பயந்துபோய் அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இப்படித்தான் கோடு விழும். ரேஸ் நடத்தியவர்கள் அதைப் பார்த்து, ஓட்டியவர் திருப்பத்தில் பிரேக்கை மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என்று எழுதினார்கள். மோதியதில் வண்டியின் பின்பக்கமே மடங்கிப்போயிருந்ததால் செயின் எப்போது கழன்றது என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "அப்பா, நான் பிரேக் மிதிக்கல. பின்னாடி ஏதோ கவ்விடுச்சு."

"ட்ராக்ல ரெண்டு கோடு இருக்கும்மா. மிதிக்காம எப்படி வரும்?"

"தெரியலப்பா. ஆனா மிதிக்கல."

"பயத்துல மிதிச்சிருப்ப. உனக்கே தெரிஞ்சிருக்காது."

வராந்தாவில் நின்ற பாயிடம் போய்க் கேட்டேன். "கிளட்ச் நான் வச்சது சார். அதுல தப்பு வராது. பாப்பா சின்னப் பொண்ணு, பயந்திருக்கும்" என்றார். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அதை நம்பித்தான் சொன்னார். நான் அதை அப்படியே உள்ளே கொண்டுபோய் அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த ரேஸைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. கல்லூரிக்குப் போனாள், வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஏழு வருஷமாக அவளுடைய அறைச் சுவரில் ஒட்டியிருந்த ட்ராக் படங்களை ஒருநாள் என் மனைவி உமா கழற்றி எடுத்துவைத்தாள். அனு எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. பாய்க்கு இடது கண்ணில் வந்து, இமை வீங்கி மூடிக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் இர்பானா டீ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பாய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே போட்டார்.

"இர்பானா, ஒன் மூஞ்சி ஏன் ஒரு பக்கமா இழுத்துருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"வாயக் காட்டு. கைய தூக்கு. அல்லா... கோணிக்கிட்டு போவுது."

மனைவிக்குப் பக்கவாதம் என்று நினைத்து, செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அங்கே டாக்டரம்மா இர்பானாவைச் சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். "இவங்களுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார். பிறகு பாயைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. பன்னிரண்டு வருஷமாக. மாத்திரையை நினைத்தால் போடுவார்.

அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் காட்டி, வலது கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அந்த டாக்டர். பாய் பார்த்துவிட்டு, "நடுவுல கோடெல்லாம் வளைஞ்சு போவுதுங்க. அச்சடிச்சவன் கோணலா அடிச்சுருக்கான்" என்றார்.

"கோடெல்லாம் நேராத்தான் இருக்கு பாய். உங்க கண்ணுலதான் வளையுது."

வலது விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, இடதிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது, சர்க்கரையால் வந்தது என்றார் டாக்டர். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் சமாளித்துக்கொள்ளும், அதனால் வெளியே தெரியாது. வலது கண்ணால் மட்டும் பார்த்தால்தான் நேர்கோடு வளையும் என்று விளக்கினார். எத்தனை நாளாக இருக்கும் என்று கேட்டதற்கு, ஒன்றரை வருஷத்துக்குக் குறையாது என்றார்.

பாய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். எறிந்த ஸ்கேல்கள் ஞாபகம் வந்தன. பிறகு, ஒன்றரை வருஷமாகத் தான் பொருத்திய இருபது முப்பது கிளட்சுகளில் ஒன்றுகூடக் கழன்றதில்லையே, எப்படி என்று யோசித்தார். அப்போதுதான் விரலில் ஒட்டிய மஞ்சள் பெயின்ட் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாளே முசிறி பஸ் ஏறினார். சரவணன் அங்கே மோட்டார் பம்பு ரிப்பேர் செய்யும் கடையில் சேர்ந்திருந்தார். பாயைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க பாய், உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். சர்க்கரை வேண்டாம் என்று அவரே சொல்லியனுப்பினார். ஒரு விருந்தாளியைக் கவனிப்பதுபோல எல்லாம் செய்தார். அதுதான் தாங்க முடியவில்லை என்றார் பாய்.

"எப்பலேந்து ஒனக்குத் தெரியும்?"

"போன வருஷம் ஆடியில. மூணு ஸ்கேல் மாத்துனீங்கல்ல. அப்ப எடுத்துப் பாத்தேன். மூணுமே நேராத்தான் இருந்துச்சு."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னனே பாய். கண்ணு டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டலாமான்னு கேட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட நீங்க பேசல."

பாய்க்கு அது நினைவில் இல்லை. இல்லவே இல்லை.

"வெளில தெரிஞ்சா ஒரு எஞ்சின் வராதுன்னு நெனச்சேன். நீங்க போனதும் சரிபண்ணி வச்சுட்டா யாருக்கும் தெரியாதுல்ல. அப்படியே ஓட்டிடலாம்னு இருந்தேன்." பிறகு சரவணன் சொன்னார்: "என்னை வராதன்னு சொன்ன மறுநாள் சாருக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன் பாய். எடுக்கல. மூணாவது தடவை பண்ணியிருக்கணும்."

அந்த அழைப்புகளை நான் பார்த்தேன். பாயிடம் சமாதானம் பேசச் சொல்லிக் கெஞ்சப்போகிறார், ரேஸ் முடியட்டும் என்று நினைத்து விட்டுவிட்டேன். இதை இங்கே எழுதிவிட வேண்டும்.

"திரும்பி வந்துடு சரவணா" என்று கேட்டிருக்கிறார் பாய்.

"வேணாம் பாய். அந்தப் பொண்ணு சேதி கேட்டதுலேந்து செயின் வேலைய நான் தொடறதில்ல." பஸ் ஏற்றிவிட வந்தபோது, "பாப்பா கை இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார் சரவணன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு பாய் அவளைப் பார்க்க வந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு மணி அடித்தது. இர்பானாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாய் நின்றிருந்தார். இரண்டு கண்ணிலும் ஊசி போட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பாப்பா இருக்கா சார்?"

அனு உள்ளேயிருந்து வந்தாள். பாய் அவள் காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பி நின்றார்.

"பாப்பா, நீ பிரேக் மிதிக்கல. செயின் கழன்டு பல்சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவுல மாட்டியிருக்கு. அதான் பூட்டிடுச்சு. கிளட்சைக் கோணலா வச்சது நான்தான். சரவணன் சரிபண்ணி வச்சுருந்ததையும் அவுத்துக் கோணலாக்குனது நான்தான். எங்கண்ணு கெட்டுப்போச்சு, அது எனக்குத் தெரியல. ஆனா செயின் சத்தம் போடுதுன்னு நீ சொன்ன. அத நான் கேக்கல. ஆஸ்பத்திரியில வச்சு உன்மேல பழியும் போட்டேன்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார், முசிறிக்குப் போனது உட்பட. சொல்லும்போது எங்கேயும் அழவில்லை. இர்பானா அழுதார். உமா அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அனு சொன்னாள்: "நான் மிதிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். அப்பாவுக்குத்தான் தெரியாது."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அது காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "சரிப்பா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பாய் அன்று போகுமுன் இன்னொன்று கேட்டார். ரேஸ் நடத்தியவர்களுக்குத் தன் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். ஓட்டிய பெண்மேல் தப்பில்லை, கிளட்ச் பொருத்தியவன்மேல்தான் தப்பு என்று அதில் இருக்க வேண்டும்.

"இது வெளில போனா உங்க கடை என்னாகும் பாய்?" என்றேன்.

"அத நெனச்சுத்தான் சார் சரவணன் சொல்லாம இருந்தான்" என்றார்.

எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இர்பானா அவருடைய விரலைக் கொண்டுபோய் வைத்தார். போட்டார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, அறிக்கை திருத்தப்பட்டது என்று இரண்டே வரி. அனு அதைப் படித்துவிட்டு மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மறுபடி கார்ட் ஓட்டவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க அந்த விரல்கள் மடங்காது என்பது ஒரு காரணம். வேறு காரணமும் இருக்கலாம். நான் கேட்டதில்லை.

சேதி ட்ராக்கில் பரவியது. பொங்கலுக்குப் பிறகு வெளியூரிலிருந்து ஒரு எஞ்சினும் வரவில்லை. கொஞ்ச நாளில் ஸ்கூட்டர்களும் குறைந்தன. சித்திரையில் பாய் கடையைக் காலிசெய்தார். ஊசி தொடர்ந்து போட்டதில் இடது கண் தப்பித்தது. வலது கண்ணில் கோடு நேராகவே இல்லை. இர்பானாவின் தம்பி ஹாலித் வைத்திருந்த ஹார்டுவேர் கடையில் போய் உட்கார்ந்தார். போல்ட், நட்டுகளை விரலால் தடவியே அளவு சொல்வார் என்று ஹாலித் பெருமையாகச் சொல்வார். பாய் அந்தப் பேச்சை ரசித்ததில்லை. நான் போகும்போதெல்லாம், "பாப்பா படிப்பு எப்படிப் போவுது?" என்று கேட்பார். ரேஸ் பேச்சை அவர் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. அவரிடமிருந்து முசிறிக்கு இரண்டு மூன்று முறை போன் போனது எனக்குத் தெரியும். சரவணன் மரியாதையாகப் பேசுவார், வருகிறேன் என்பார், வர மாட்டார்.

போன கார்த்திகையில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்துநாலு வயது. அன்று பிற்பகலே அடக்கம். நான் சரவணனுக்கு போன் செய்தேன். இந்தத் தடவை எடுக்கும்வரை செய்தேன். அவர் முசிறியில் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள்.

நானே அவரைக் கபரஸ்தானுக்குக் கூட்டிப்போனேன். ஈர மண் குவிந்திருந்த இடத்தைக் காட்டினேன். சரவணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இங்க எப்படிக் கும்பிடணும் சார்?"

"எனக்கும் தெரியல சரவணன்."

திரும்பி நடக்கும்போது, "இர்பானா அம்மாவைப் பாத்துட்டுப் போங்க. அனுவும் அங்கதான் இருக்கா" என்றேன். சந்து முனை வரை வந்தார். வீட்டு வாசலில் போட்டிருந்த ப்ளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. அங்கேயே நின்றுவிட்டார்.

"இன்னொரு நாள் வரேன் சார். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லலாமே. பத்தடி."

"இல்ல சார். முடியல."

ரவுண்டானா பக்கம் நடந்து, கூட்டத்தில் மறைந்துபோனார். நான் உள்ளே போய், சரவணன் வந்திருந்தார் என்று சொன்னேன். இர்பானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, வாசல்வரை வந்து சந்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்புட்டுப் போச்சா?" என்று கேட்டார்.